வாளையாறும் கம்பம்மெட்டும்: அன்று லாரிக்கு, பிறகு ஆளுக்கு

2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சலில் வாத்துகள் செத்தபோது, வாளையாறு முதல் குமுளி வரை தமிழக-கேரள எல்லைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளித்தார்கள். கேரளத்துக் கோழிக்கும் வாத்துக்கும் தடை. கம்பம், கூடலூரிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர் ஜீப்புகள் மட்டும் வழக்கம்போல் மலையேறின.

2020-ல், கொரோனா ஊரடங்கில், எல்லாம் தலைகீழ். பாலும் காய்கறியும் எல்லை கடந்தன. மனிதர்கள் இ-பாஸ் இல்லாமல் நின்றார்கள். கம்பம்மெட்டில் ஜீப் ஓடவில்லை, ஏலக்காய் எடுக்க ஆளில்லை. மே மாத வெயிலில் வாளையாறில் குடும்பங்கள் காத்துக் கிடந்ததை மறக்க முடியாது.

அதற்குச் சற்று முன்புதான், கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியில் பண்ணைக்காரர்கள் நொடித்துப்போனார்கள். கோழிக்கும் கொரோனா உண்டு என்பது மெய். பண்ணையில் 'ஐபி' என்கிறார்களே, 1931-லேயே அமெரிக்காவில் பதிவான அந்த மூச்சுக்குழல் நோய், கொரோனா குடும்பத்து வைரஸால் வருவதுதான். குஞ்சுகளுக்கு அதற்குத் தடுப்பு மருந்தும் போடுகிறோம். ஆனால் அது மனிதரிடம் நோயாக வருவதில்லை.

காரணம், வைரஸின் மேல் துருத்தி நிற்கும் கூர்ப்புரதம். அது செல்லின் மேல் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. கோழி வைரஸ் பிடிப்பது கோழியின் மூச்சுக்குழலில் உள்ள ஒருவகைச் சியாலிக் அமிலத்தை. ஒட்டகத்திலிருந்து வந்த மெர்ஸ், டிபிபி4 என்ற புரதத்தை. 2003-ன் சார்ஸும் கோவிட்டும் பிடிப்பது ஒன்றையே, ஏசிஇ2. ஆனால் கோவிட்டின் கூர்ப்புரதத்தில் நம் உடலின் ஃப்யூரின் நொதியே வெட்டிக்கொடுக்கும் ஓர் இடம் கூடுதலாக இருக்கிறது. பழைய சார்ஸுக்கு அது இல்லை. பூனை இனத்தின் ஏசிஇ2 நம்முடையதை ஒத்தது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்கள் கோவிட்டில் விழுந்தது அதனால்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மாடு. கன்றுக்குக் கழிச்சல் தரும் கொரோனாவும் நமக்குச் சளி தரும் ஓசி43-ம் ஏறக்குறைய உடன்பிறப்புகள். இரண்டும் ஒரேவகைச் சியாலிக் அமிலத்தையே பற்றுகின்றன. 1890 வாக்கில் மாட்டின் வைரஸ் மனிதருக்குத் தாவியிருக்கலாம் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 2005-ல் கணக்கிட்டார்கள்.

இன்று இந்தச் சாவடிகளில் இ-பாஸ் இல்லை, ஜீப்புகள் மீண்டும் மலையேறுகின்றன. பொள்ளாச்சிச் சந்தை மாடுகளும் பாலக்காட்டுப் பக்கம் போகின்றன. 2018–19-ல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் சேகரித்த மாதிரிகளில், கேரளம், தமிழ்நாட்டுப் பழந்தின்னி வௌவால்களிடமும் கொரோனா வைரஸ்கள் இருந்தன. அதற்காக வௌவால் மரத்தை வெட்டாதீர்கள். தொழுவத்தில் கன்று கழிந்தால், பண்ணையில் கோழிக்கு மூச்சு கரகரத்தால், கால்நடை மருத்துவரிடம் மாதிரி கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.