வரித் திணைக்களத்தின் வினாவும் குடிமகனின் விடையும்

அரசுக்கு வரி இறுத்தல் குடிகளின் கடன். இறுக்கும் வரியின் அளவையும் ஏதுவையும் அறிந்து இறுத்தல் அவர்தம் உரிமை. இவ்விரண்டும் பிரிந்தவிடத்து விளைவது யாது என்பதற்குக் கண்டி மாநகரின் வரலாறே சான்று. 1848ஆம் ஆண்டிலே, தோறிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில், நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதிக்கப்பட்டது. வீதி அமைக்கும் பொருட்டு ஆண்மக்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் உழைத்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலின் செலுத்துதல் வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். முறையீடு கலகமாயிற்று, கலகத் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் மாதத்திற் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். வினாவுக்கும் விடைக்கும் வழியமைத்த சட்டம் எத்துணை அருமையுடையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டிலே கட்டளைச் சட்டமொன்றினால் நிலைபெற்றது. இன்று அதனை ஆள்வது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமாகும். ஏப்பிரல் 1 முதல் மறு ஆண்டு மார்ச் 31 வரையுள்ள காலம் ஒரு மதிப்பீட்டாண்டு. அதன் வருமானத்தைத் தாமே கணித்து, நவம்பர் 30க்குள் விபரத்திரட்டை ஒப்படைத்தல் வரி செலுத்துவோரின் கடமை. தொழில்தருநரும் வங்கிகளும் தரும் விபரங்களோடு திணைக்களம் அதனை ஒப்புநோக்குகின்றது. இரண்டும் பொருந்தாதவிடத்து, “செலுத்திய வரி போதுமானதா?” என்னும் கடிதம் வருகின்றது. எனவே, அக்கடிதம் குற்றப்பத்திரிகை அன்று. விளக்கம் நாடும் வினாவே என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

இவ்வேறுபாடு நேர்மையாளர்க்கும் நேரக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். பேராதனையிலே தனியார் நிறுவனமொன்றிற் பணிபுரியும் ஒருவர் 2025/2026 மதிப்பீட்டாண்டில் 36 இலட்சம் ரூபா சம்பளமும், நிலையான வைப்பிலிருந்து 4 இலட்சம் ரூபா வட்டியும் பெற்றார் எனக் கொள்வோம். தனியாள் நிவாரணம் 18 இலட்சம். எஞ்சும் தொகையில் முதல் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும், அடுத்து வரும் ஒவ்வோர் 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதமும், அதற்கு மேல் 36 வீதமும் வரியாகும். நிறுவனம் சம்பளத்தை மட்டும் நோக்கி 222,000 ரூபாவைக் கழித்தது. வங்கி வட்டியில் நூற்றுக்குப் பத்தாக 40,000 ரூபாவைப் பிடித்தது. வங்கி பிடித்ததோடு வட்டிக்குரிய வரி தீர்ந்தது என அவர் கருதினார். ஆயின், இரு வருமானங்களையும் சேர்த்துக் கணித்தால் உரிய வரி 330,000 ரூபா; குறைவு 68,000 ரூபா.

மற்றொருவர்க்குச் சம்பளம் 24 இலட்சம், வட்டி அதே 4 இலட்சம் என வைப்போம். அவரிடம் கழிக்கப்பட்டது 76,000, உரியதோ 60,000. அவர் 16,000 ரூபாவை மீளக் கோரத் தக்கவர். ஒரேயளவு வட்டி ஒருவரைக் கடனாளியாக்க, மற்றவரைக் கடன் கொடுத்தவராக்குகின்றது. ஆதலின், கடிதம் கண்டவுடன் அஞ்சிப் பணம் கட்டுதலும் தவறு. அதனை அலுமாரியிற் பூட்டி வைத்தலும் தவறு. கணக்குப் பார்த்தலே முறை.

விடையிறுக்கும் ஒழுங்கு வருமாறு: முதலிற் கடிதத்திலுள்ள பெயர், வரி செலுத்துநர் அடையாள இலக்கம், மதிப்பீட்டாண்டு, விடையளிக்க வேண்டிய நாள் ஆகியவற்றை நோக்குக. ஐயமிருப்பின் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் நேரிற் காட்டித் தெளிக. பின்னர், தொழில்தருநரும் வங்கியும் வழங்கிய வரிக்கழிப்புச் சான்றிதழ்களை எடுத்து, கடிதத்தின் எண்களோடு வரிவரியாக ஒப்பிடுக. ஒப்புக்கொள்ளும் குறைவைச் செலுத்திவிட்டு, ஒப்பாததற்கு மட்டும் காரணமும் சான்றும் காட்டி எழுதுக. மூலப் பத்திரங்களைக் கையளியாது பிரதிகளையே இணைக்க. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பேணுக. நேரில் ஒப்படைப்பின் தமது பிரதியில் திகதி முத்திரை பெறுக.

விளக்கம் கேட்கும் கடிதம் வேறு, மதிப்பீட்டு அறிவித்தல் வேறு. பின்னையது, இவ்வளவு வரி செலுத்துக என்னும் தீர்மானமாகும். அதனை ஏற்காதவர், அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள், காரணங்களை விரித்தெழுதி, ஆணையாளர் நாயகத்திடம் நிருவாக மீளாய்வு கோரலாம். அம்முடிவும் ஏற்புடைத்தாகாவிடின், 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவை மீண்டும் 30 நாட்களுக்குள் நாடலாம். அதற்கு அப்பால், சட்டப் பிரச்சினை பற்றி மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்ல வழியுண்டு. நியாயமான வழக்கும் நாள் கடந்தால் நிலைகுலையும். அச்சத்தாற் கடிதத்தைப் பிரியாது வைப்பவர் இழப்பது இந்த முப்பது நாட்களையே.

கண்டிப் பகுதித் தமிழ் மக்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்தோடு அமைந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளலாம். எழுதிய மொழியிலேயே மறுமொழி பெறவும் உரித்துடையவர். விளங்காத மொழியிற் கடிதம் வரின், அதனைத் தமிழில் அனுப்புமாறு உடனே எழுதிக் கேட்டல் வேண்டும். எனினும், அதனைக் காரணமாகக் கொண்டு நாளைக் கடத்துதல் ஆகாது. அறிந்தார் ஒருவரைக்கொண்டு பொருளுணர்ந்து, குறித்த நாளுக்குள் தமிழிலேயே விடை எழுதுதல் தக்கது.

வீட்டிலே முதியோர்க்கு வரும் இத்தகைய கடிதத்தைப் படித்துப் பொருளுரைக்கும் பொறுப்பு பெரும்பாலும் கற்ற பிள்ளைகளையே சாரும். சான்றிதழ்களை ஆண்டுவாரியாகக் கோவையிட்டு வைப்பது அப்பொறுப்பின் முதற்படி. ஒழுங்கான கணக்குடையார் வினாவுக்கு அஞ்சார். உரியதைக் கொடுப்பார், உரியதல்லாததை மறுப்பார். குடியுரிமையின் நிறைவு இவ்விரண்டிலும் உளது.