வீழும் விமானத்திலிருந்து வந்த செய்தி

தாளை மடித்து அம்பு செய்து வகுப்பறையில் எறியாத மாணவன் இல்லை. அதற்காகக் கண்டித்ததும் உண்டு. அவன் போனபின் அதே அம்பை எடுத்து நானே எறிந்து பார்த்ததும் உண்டு. மூக்கை மிகவும் உயர்த்தி எறிந்தால் அது சற்றே மேலேறி, அந்தரத்தில் தயங்கி, தலைகீழாய் விழும். சிறகின் மேற்புறத்தை ஒட்டி ஓடவேண்டிய காற்று, சிறகு அளவுமீறி நிமிர்ந்ததும் விலகிப் பிரிந்துவிடுகிறது. தாங்கும் ஆற்றல் அற்றுப்போகிறது. 80 பேரைச் சுமந்து சென்ற ஒரு சோவியத்து விமானத்துக்கும் இதுவே நேர்ந்தது.

டுபோலெவ்-104 என்பது டுபோலெவ்-16 என்னும் குண்டுவீச்சு விமானத்தைத் தழுவி அமைக்கப்பட்ட ஜெட் பயணி விமானம். பிரிட்டனின் காமெட் விமானங்கள் விபத்துகளால் 1954இல் நிறுத்தப்பட்டிருந்த வேளையில், 1956இல் இது மாஸ்கோவுக்கும் இர்குட்ஸ்குக்கும் இடையே பறக்கத் தொடங்கியது. மேலைநாட்டார் வியந்தனர்.

1958 ஆகஸ்ட் 15ஆம் நாள், கபரோவ்ஸ்கிலிருந்து புறப்பட்ட இவ்வகை விமானம் ஒன்று, இடிமுகில்களுக்கு மேலே செல்ல முயன்று உயரே ஏறியபின் காட்டில் வீழ்ந்தது. இறந்தோர் 64 பேர். காரணம் தெளிவாகப் புலப்படவில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. அக்டோபர் 17ஆம் நாள் பீக்கிங்கிலிருந்து மாஸ்கோ நோக்கிச் சென்ற விமானத்தின் தலைவர் ஹரோல்ட் குஸ்னெத்சோவ். மாஸ்கோவில் வானிலை கெட்டிருந்ததால் விமானம் வேறு நிலையம் தேடித் திரும்பியது. சுவாஷியாவிலுள்ள கனாஷ் நகருக்கு அருகே, வலிமைமிக்க காற்றோட்டம் ஒன்று கீழிருந்து எழுந்து விமானத்தை மேலே தூக்கி எறிந்தது. மூக்கு நிமிர்ந்தது. விமானி தம் முன்னிருந்த பிடியை முழுதும் முன்னே தள்ளினார். வால்பலகை அதற்குமேல் இறங்க இடமில்லை. மூக்கு தாழவில்லை. சிறகு தாங்கும் ஆற்றலை இழந்தது. விமானம் செங்குத்தாய்ப் பாய்ந்தது.

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், தாங்கும் ஆற்றல் அறும் வேகத்துக்கும் விமானம் தாளக்கூடிய மிகுந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடும் என்பதையும் இங்கே கருதவேண்டும்.

வீழும்போதே குஸ்னெத்சோவ், விமானம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை வானொலி வழியே தரைக்கு அறிவித்தார். இறுதியில் விடை பெற்றுக்கொண்டார். இதை நான் வீரக்கதையாக மட்டும் காணவில்லை. அவர் வாய் திறவாதிருந்தால், விமானியின் பிழை என்று எழுதிக் கோப்பை மூடுவது எவர்க்கும் எளிதாய் இருந்திருக்கும். வெளிநாட்டார் இல்லாத விபத்துகளைப் பெரும்பாலும் செய்தித்தாளிலேயே வெளியிடாத நாடு அது.

இவ்விமானத்தில் வெளிநாட்டார் பலர் இருந்தனர். சீன இலக்கிய வரலாற்றறிஞர் செங் செந்துவோ அவர்களுள் ஒருவர். தாகூரின் கவிதைகளை 1922இலேயே சீனமொழியில் பெயர்த்தவர். அரபுநாட்டுக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் செல்லவிருந்த பண்பாட்டுக் குழுவின் தலைவராக அவர் பயணம் செய்தார்.

பின்னர் வாலின் கிடைத்தகடு பொருத்தப்பட்டிருந்த கோணம் மாற்றப்பட்டது. வால்பலகை இன்னும் கீழே இறங்க வழி செய்யப்பட்டது. பறக்கும் உயரத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாறு திருத்தப்பட்ட டுபோலெவ்-104 விமானங்கள் 1979 வரை பயணிகளை ஏற்றிப் பறந்தன.