இட்லிக்குக் காதர்பேட்டை கிடையாது

திருப்பூரில் விமான நிலையம் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர், ஆளை ஏற்றி அனுப்ப மட்டும் கோவை பீளமேட்டுக்குத்தான் போக வேண்டும். அவிநாசி சாலையில் ஒரு மணி நேரம், பரிசோதனை வரிசைகளில் ஒன்றரை மணி நேரம், டெல்லி வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம், இறங்கி குருகிராமுக்கோ நொய்டாவுக்கோ போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம். காலை டிபனைத் தவறவிட்டவர் மதியம் வரை நம்பியிருப்பது, இருக்கைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வரும் அந்த வண்டியைத்தான். வெந்நீர் ஊற்றினால் உப்புமாவாகும் கோப்பை, நூடுல்ஸ், சாண்ட்விச், பிஸ்கட், உப்பு போட்ட முந்திரி, இனிப்புப் பானம் என்று அதில் பலதும் இருக்கும். நறுக்கிய பழமோ, ஆவியில் வெந்த இட்லியோ, ஒரு கிண்ணம் தயிர்சாதமோ காசு கொடுத்தாலும் கிடைப்பது அரிது.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2003-இல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணத்தோடு வந்தபோது இலவசச் சாப்பாடு தரவில்லை. 2006-இல் தொடங்கிய இண்டிகோவும் அதே வழியில் போய், இன்று உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. சூடான சாப்பாடு பரிமாறிய கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. நடுவில் கொரோனா. 2021 ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களில் உணவுக்கே தடை இருந்தது. இலவசச் சாப்பாடு போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிக்கெட் விலை குறைந்ததற்கு அது ஈடு. காசு கொடுத்து வாங்கும் இடத்திலும் உடம்புக்கு ஆகும் பண்டம் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இதற்கு முதலில் சொல்லப்படும் காரணம் நாக்கு. அதில் உண்மை இருக்கிறது. 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றில் ஈரம் கிட்டத்தட்டக் கிடையாது. அந்தக் காற்றைத்தான் அழுத்தி உள்ளே விடுகிறார்கள். அதனால் கேபினுக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நூல் அறுந்துவிடக் கூடாது என்று நம் ஸ்பின்னிங் மில்களில் 55, 60 சதவீதம் என்று பிடித்து வைக்கிறார்களே, அதில் மூன்றில் ஒரு பங்குதான். நூலுக்கே ஆகாத காற்று மூக்குக்கு ஆகுமா? மூக்கின் உட்சவ்வு காய்ந்தால் வாசனை மங்கும்; சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதானே. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், விமானத்தின் முன்பகுதி ஒன்றைக் குறைந்த அழுத்தக் குழாய்க்குள் வைத்து, லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காகச் சோதனை நடத்தியது. உப்பை உணரும் திறன் 20 முதல் 30 சதவீதமும், இனிப்பை உணரும் திறன் 15 முதல் 20 சதவீதமும் குறைவதாக அதில் தெரிந்தது. எனவே மேலே கொடுக்கும் உணவில் உப்பும் சர்க்கரையும் கூடத்தான் வேண்டியிருக்கும் என்பது நாக்கைக் காரணம் சொல்பவர்களின் வாதம்.

அந்த ஆய்வை முழுதாகப் படித்தால் வாதம் நிற்காது. புளிப்பு, கசப்பு, காரம் ஆகியவை மேலே போனாலும் பெரிதாக மாறுவதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. விமானத்துக்குள் இருப்பதைப்போன்ற 85 டெசிபல் இரைச்சலைக் கேட்டபடி ருசித்தவர்களுக்கு இனிப்பு மங்கியது; தக்காளியிலும் காளானிலும் இருக்கும் உமாமி என்ற சுவையோ தூக்கலாகத் தெரிந்தது. தக்காளி, புளி, மிளகு, சீரகம் என்று சேர்த்துப் பார்த்தால் வானத்துக்கென்றே பிறந்தது ரசம் என்று தோன்றுகிறது. கொங்கு வீட்டுக் கொள்ளுப் பருப்பை மட்டும் தரையிலேயே விட்டுவிடுவது நல்லது. கேபின் அழுத்தத்தில் வயிற்று வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியும், பக்கத்து இருக்கைக்காரரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி உப்புக்கு வருவோம். 2024 ஏப்ரலில், உணவு லேபிள்களைப் பற்றிப் பேசிவரும் ரேவந்த் ஹிமத்சிங்கா, இண்டிகோவின் கோப்பை உப்புமாவில் மேகியைவிட 50 சதவீதம் அதிக சோடியம் இருப்பதாகச் சொன்னார். பாரம்பரியச் செய்முறைதான், உப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது நிறுவனம். நீரை எடுத்துவிட்டாலே நுண்ணுயிர் பெருகாது. உலர்ந்த உப்புமா மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உலர்த்தியதே போதும். ஆகவே அந்த உப்பு பாதுகாப்புக்காகப் போட்டதல்ல, ருசிக்காகப் போட்டது. ருசிக்கு வேறு வழி இருக்கிறது என்பதைத்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

உண்மையான காரணம் நாக்கில் இல்லை, சரக்குக் கணக்கில் இருக்கிறது. அது திருப்பூருக்கு நன்றாகப் புரியும் கணக்கு. பையர் ஆர்டரை ரத்து செய்தாலோ, தரத்தில் கழித்தாலோ பனியன் ஸ்டாக் லாட், அதாவது தேங்கிய சரக்கு ஆகிவிடும். ஆனாலும் அதை விற்க ஊருக்குள்ளேயே காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போட்ட முதலில் கொஞ்சமாவது எடுக்கலாம். இட்லிக்குக் காதர்பேட்டை கிடையாது. ஒரு ஏர்பஸ் விமானம் ஒரே நாளில் ஐந்தாறு தடவை பறக்கும். இறங்கி மறுபடி ஏற அரை மணி நேரம்தான் அவகாசம். ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஏற்ற நேரமில்லாததால், ஒரு முறை ஏற்றியதே பல ஊர் சுற்றும். விமானத்தில் ஏறும் 186 பேரில் இன்று எத்தனை பேர் டிபன் வாங்குவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது இட்லிப் பொட்டலம் ஏற்றிப் பத்து விற்றால் முப்பது குப்பைக்குப் போகும். கோப்பை உப்புமா விற்காவிட்டால் நாளைக்கு, இல்லையென்றால் அடுத்த மாதம் விற்கும். ஈரமான உணவில் ஆபத்தும் உண்டு. 2023 டிசம்பர் 29 அன்று டெல்லி–மும்பை விமானத்தில் ஒரு பயணி வாங்கிய சாண்ட்விச்சில் புழு இருந்தது. உடனே அந்த வகை சாண்ட்விச் நிறுத்தப்பட்டது. இப்படி ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் புதிய உணவு ஓர் அடி பின்வாங்கும். அந்த இடத்துக்கு உலர்ந்த கோப்பை வந்துவிடும்.

நல்லதை வைத்தால் யாரும் வாங்குவதில்லை என்பார்கள். வண்டியில் ஏற்றாத பொருளுக்கு விற்பனைக் கணக்கு எங்கிருந்து வரும்? உப்புமாவும் போஹா என்ற அவல் உப்புமாவும் விற்கிறதே, மக்கள் தேடுவது டிபனைத்தான் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்பது நியாயமான யோசனை. இட்லி, சப்பாத்தியைக் கேபினுக்குள் கொண்டுபோகத் தடையில்லை. ஆனால் கட்டிக் கொடுக்கும் வீடு போகும்போதுதான் இருக்கிறது. டெல்லியில் கண்காட்சி முடித்து ராத்திரி விமானம் பிடிப்பவருக்கு யார் கட்டிக் கொடுப்பார்கள்?

வழியும் திருப்பூருக்குத் தெரிந்ததுதான்: ஆர்டர் வந்த பிறகு வெட்டித் தைப்பது. 2023 ஏப்ரலில் தொடங்கி, திருப்பூரில் நின்று போகும் கோவை–சென்னை வந்தே பாரத் ரயிலில், டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா என்று கேட்டுவிடுகிறார்கள். ருசியைப் பற்றிப் புகார் இருக்கலாம்; ஆனால் எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்பது முன்பே தெரிவதால் சமைத்த உணவு வந்து சேர்கிறது. விமானத்திலும் முன்பதிவு உண்டு. ஆனால் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே அது முடிந்துவிடும். பட்டியலில் எதில் எவ்வளவு உப்பு என்றும் தெரியாது. டெல்லி போன்ற நீண்ட வழித்தடங்களிலாவது வெப் செக்-இன் வரை ஆர்டர் வாங்கி, சோடியம் அளவையும் விலையோடு போட்டால், குப்பைக்குப் போகும் பயம் பாதி போய்விடும். அதுவரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. நாம் சராசரியாக 8 கிராம் உப்பு சாப்பிடுகிறோம். வெந்நீர் ஊற்றச் சொல்வதற்கு முன் கோப்பையைத் திருப்பி, சோடியம் என்ற வரியைப் படியுங்கள். ஒரு கோப்பைக்கு 650 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், ஒரு வேளைக்கு உரிய பங்கு அந்தக் கோப்பையிலேயே தீர்ந்துவிட்டது.