நிறுத்திவிடுவது காப்பு ஆகாது
பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குச் சட்டம் தந்துள்ள பாதுகாப்புகள்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துவந்தாள். பள்ளியில் பணியாற்றும் ஒருவர் அவளிடம் தகாத சொற்களைப் பேசிவந்திருக்கிறார். வெகுநாள் அஞ்சி ஒடுங்கியிருந்த பிள்ளை, கடைசியில் தாயிடம் சொல்லி அழுதிருக்கிறாள். "ஹஜ்ரத், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடட்டுமா?" என்று அவர் கேட்டார். மானமே பெரிது என்று எண்ணிய நாம், "நிறுத்திவிடுங்கள்" என்றோம். அவரும் நிறுத்திவிட்டார். தகாதன பேசியவர் தம் பணியில் தொடர்ந்தார்.

அன்று நாம் சொன்ன விடை பிழையானது என்பதை உணர நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. தவறு செய்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. தவறு செய்யாத பிள்ளை கல்வியை இழந்தாள். அடுத்த ஆண்டு அதே வகுப்பறைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கைகூடக் கிடைக்கவில்லை. இன்றும் இதே கேள்வியோடு பெற்றோர் வருகின்றனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடையை, நாட்டின் சட்டமும் நீதிமன்றங்களும் வகுத்துள்ள நெறிகளின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துன்புறுத்தல் எவ்வாறு பாகுபாடு ஆகிறது?

பாலியல் துன்புறுத்தலை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அது ஒழுக்கக்கேடுதான், ஐயமில்லை. ஆனால் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி சென்று, அதைப் பாகுபாடு என்கிறது. ஒரே வகுப்பில் ஆணும் பெண்ணும் படிக்கின்றனர். ஆண் பிள்ளை பாடத்தைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். பெண் பிள்ளையோ எந்த வழியே நடப்பது, யார் கண்ணில் படாமல் இருப்பது, எந்த ஆசிரியரிடம் தனியே செல்லாமல் இருப்பது என்றெல்லாம் எண்ணியாக வேண்டும். பெண் என்ற ஒரே காரணத்தால் அவள் மீது ஏற்றப்படும் இச்சுமை, கல்வியில் அவளுக்குள்ள சம உரிமையைக் குறைக்கிறது.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்தது. அச்சட்டத்தில் துன்புறுத்தல் என்ற சொல்லே இல்லை. எனினும் 1992இல் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவியின் வழக்கில், ஆசிரியரின் பாலியல் துன்புறுத்தலுக்காகப் பள்ளி நிர்வாகத்திடம் மாணவி இழப்பீடு கோரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999இல் மற்றொரு வழக்கில், சக மாணவர்கள் இழைக்கும் கடுமையான துன்புறுத்தலை அறிந்தும் வேண்டுமென்றே பாராமுகமாக இருக்கும் பள்ளி நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் இக்கருத்து வேறொரு வழியாக வந்தது. இராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் கிராமப் பணியாளர் 1992இல் கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பணியிடத்தில் நிகழும் பாலியல் துன்புறுத்தல், அரசியலமைப்பின் 14, 15, 21ஆம் உறுப்புகள் தரும் சமத்துவம், பாகுபாடின்மை, உயிர் வாழும் உரிமை ஆகியவற்றை மீறுவதாகும் என்பதே அதன் சாரம். 2002இல் சேர்க்கப்பட்ட 21அ உறுப்பு, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அச்சத்தால் ஒரு சிறுமி பள்ளியை விட்டு நிற்பது அவளுடைய அடிப்படை உரிமை பறிபோவதே என்பது விளங்கும்.

இரு சட்டங்கள்

விசாகா நெறிகளே 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாக உருப்பெற்றன. பள்ளியும் கல்லூரியும் அச்சட்டத்தின்படி பணியிடங்களே. பாதிக்கப்பட்ட பெண் எந்த வயதினராகவும் இருக்கலாம். அங்கே ஊதியம் பெறுபவராக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிலையத்தில், மூத்த பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமைய வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருத்தல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. புகாரை மூன்று மாதத்திற்குள் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். குழு அமைக்காத நிர்வாகத்திற்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பொறுத்தவரை முதன்மையானது, 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம். இது ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒருங்கே காக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. பாலியல் நோக்கத்தோடு பேசுவது, சைகை காட்டுவது, படம் காட்டுவது, திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, கைப்பேசி வழியே தொடர்புகொண்டபடி இருப்பது ஆகியனவும் பாலியல் துன்புறுத்தலே; மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் நோக்கில் தொடுவதற்குத் தண்டனை மேலும் கடுமையானது. கல்வி நிலையத்தின் அல்லது சமய நிலையத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ உள்ள ஒருவர் அங்குள்ள பிள்ளையிடம் அக்குற்றத்தைச் செய்தால், அது கடுங்குற்றமாகி, ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கப்படும். நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தில் மோசடி செய்பவன் அந்நியனைவிடப் பெரிய குற்றவாளி என்னும், நாம் நன்கறிந்த நீதியையே இதில் காண்கிறோம்.

பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். கூடியவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் அதைப் பதிய வேண்டும். பிள்ளையின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். "காவல் நிலையம் ஏறினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே" என்று அஞ்சும் பெற்றோர் இவ்விரு ஏற்பாடுகளையும் அறிந்திருப்பது நல்லது.

சமாதானம் செய்துகொள்ளலாமா?

நம் ஊர்களில் இத்தகைய செய்தி எழுந்ததும், பெரியவர்கள் கூடிப் பேசி, குற்றம் சாட்டப்பட்டவரை இடமாற்றம் செய்யச் சொல்லி, எழுதி வாங்கி, மூடிவிடும் வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் பலர் இதைச் செய்கின்றனர். ஆனால் சட்டம் இதை ஏற்கவில்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதி தொடர்பான வழக்கில், குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமை கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் கூறியது.

இராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை, மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமாதானம் செய்துகொண்டதாகக் கூறி அம்மாநில உயர் நீதிமன்றம் கைவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று அவ்வாணையை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது. இத்தகைய குற்றம் இரு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரம் அன்று, சமுதாயத்திற்கு எதிரானது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

"அவதூறு ஆகிவிட்டால் என்ன செய்வது?" என்னும் கேள்வி நியாயமானதே. அவதூறு எத்துணைப் பெரிய பாவம் என்பதை ஸூரத்துந் நூர் ஓதியவர்கள் அறிவர். ஆயினும் தகவல் தருவது வேறு; தீர்ப்புச் சொல்வது வேறு. தகவல் தருபவர் யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டுவதில்லை. விசாரிக்க வேண்டியவரிடம் செய்தியை ஒப்படைக்கிறார். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. இழிவுபடுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ பொய்ப் புகார் தருவோருக்குத் தண்டனை உண்டு. பிள்ளைக்கு அத்தண்டனை இல்லை. ஊருக்குள் கிசுகிசுத்துத் திரிவதுதான் அவதூறுக்கு வழி. முறைப்படி புகார் தருவது அவ்வழியை அடைக்கிறது.

தமிழ்நாட்டின் ஏற்பாடுகள்

1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததையடுத்து, பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. கல்வி நிலையங்களும் அதில் அடங்கும். அதன் தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்த மசோதா 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தத் தந்தை நம்மிடம் வந்த நாளில் போக்சோ இல்லை என்பது உண்மை. ஆனால் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. நாம்தாம் அறிந்திருக்கவில்லை.

2021இல் சென்னைப் பள்ளிகளைப் பற்றிய புகார்கள் வெளிவந்தபின், பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது. பிள்ளைகள் தம் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' என்னும் பெட்டி வந்தது. 1098, 14417 ஆகிய இலவச எண்களில் பிள்ளைகளே பேசலாம். இவையன்றி, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். இது நம் தாய்மார்களுக்குச் சட்டம் தந்திருக்கும் இருக்கை. அதில் அமர்ந்து, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, அது பூட்டிக் கிடக்கிறதா, புகார்ப் பெட்டியை யார் திறக்கிறார் என்று கேட்பதற்குப் பெரும் படிப்பு எதுவும் தேவையில்லை.

திண்டுக்கல் உடன்பாடு தரும் பாடம்

படிப்பை விட்டு நின்ற பிள்ளை வீட்டில் பத்திரமாக இருப்பாள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். திண்டுக்கல் சமவெளியில் நடப்பது வேறு. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் இளம் பெண்களின் உழைப்பில் ஓடுகின்றன. பள்ளியை விட்டவளுக்கு அடுத்த வாயில் பெரும்பாலும் ஆலை வாயில்தான். ஏழைக் குடும்பத்தில் அதை யாரும் தடுக்க முடிவதில்லை. பள்ளியில் எதற்கு அஞ்சி நிறுத்தினோமோ அது அங்கே இல்லாமல் போய்விடுமா?

2021 ஜனவரியில், வேடசந்தூரை அடுத்த ஓர் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் பெண் தொழிலாளி கொலையுண்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. அதன் பயனாக 2022 ஏப்ரலில், ஆலை உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், அதனிடம் ஆடை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும், தொழிலாளர் அமைப்புகளும் தனித்தனியே கையொப்பமிட்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. 'திண்டுக்கல் உடன்பாடு' என்று உலகம் அறிந்தது அதுவே. வேலைத்தளத்திலேயே தொழிலாளரிலிருந்து பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள், நிர்வாகத்தைச் சாராத விசாரணை, புகார் தந்தவரைப் பழிவாங்கத் தடை ஆகியவை அதன் தூண்கள்.

நம் ஊரின் பெயரால் வழங்கும் இந்த உடன்பாடு பள்ளிகளுக்கும் பாடம் சொல்கிறது. சுவரில் ஒட்டிய அறிவிப்பு ஒருவரையும் காப்பதில்லை. பிள்ளைகளுக்கு அருகில் இருந்து கவனிக்கும் ஆள் வேண்டும். புகாரைக் கேட்பவர், புகாருக்கு ஆளானவரின் கைக்கு அடங்காதவராக இருக்க வேண்டும். சொன்னவளுக்கு மதிப்பெண்ணிலோ வருகைப்பதிவிலோ தீங்கு நேராது என்னும் உறுதி வேண்டும். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் போக்சோ சட்டத்தில் கைதாயினர். மாணவி நெடுநாள் பள்ளிக்கு வராததைத் தலைமையாசிரியர் விசாரிக்கப் போனதாலேயே செய்தி வெளிப்பட்டது. வராத பிள்ளையை "ஏன் வரவில்லை?" என்று தேடிப் போன ஒருவர் இருந்தார் என்பதே அங்கு முக்கியம்.

நம் இல்லமும் நம் மதரஸாவும்

சமய போதனையை முதன்மையாகக் கொண்ட நிலையங்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து 2012இல் விலக்கு அளிக்கப்பட்டது. போக்சோவிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை. மக்தபுக்கும், அரபிக் கல்லூரிக்கும், விடுதிக்கும், ஓதிக் கொடுக்கும் ஆசிரியருக்கும் அது பொருந்தும். அரசுப் பள்ளியை நோக்கி விரல் நீட்டுமுன், நம் மதரஸாவில் பிள்ளை தன் குறையைச் சொல்ல ஓர் ஆள் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது கடமை. ஸூரத்துந் நூரில் பார்வையைத் தாழ்த்துமாறு இடப்பட்ட கட்டளை முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. அடுத்த வசனத்திலேயே பெண்களுக்கு வருகிறது. நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக்கி, பாரம் முழுவதையும் பெண் பிள்ளையின் தோளில் வைத்துவிட்டோம்.

1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், இந்த மண்ணின் ஏழைப் பெண்களுக்குக் கல்வி சென்று சேர உழைத்தவர். இன்று பேகம்பூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் நம் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகின்றனர். அந்த வழியை அடைப்பது எளிது. மீண்டும் திறப்பது எளிதன்று.

அந்தத் தந்தை இன்று வந்து அதே கேள்வியைக் கேட்டால் நாம் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் பிள்ளையை நம்புங்கள், "உன் மீது குற்றமில்லை" என்று அவள் காதில் விழும்படி சொல்லுங்கள். அவள் சொன்னதை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். 1098க்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்திற்கோ தெரிவியுங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். தனியே போகத் தயங்கினால் நம்மை அழையுங்கள். நாமும் உடன் வருகிறோம். மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளியை விட்டு நிற்க வேண்டியவள் அவள் அல்லள்.