சின்னக் கடை, பெரிய வலை – 7: சில்லுக்கருப்பட்டியைத் தேடி வந்தவர்கள்

கயத்தாறு என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். முதலில் கட்டபொம்மன் வந்து நிற்பார். 1799 அக்டோபர் 16, புளியமரம், தூக்குக்கயிறு, மணிமண்டபம். கொஞ்சம் கீழே போனால் காற்றாலைகள். கருப்பட்டி வராது. எங்கள் மதினி தன் ஆன்லைன் கடைக்கு ஆசையாசையாக வைத்த பெயரோ ‘கயத்தாறு கருப்பட்டி’.

போன வாரம் படம் பிடித்து ஏற்றி, விலை போட்டுக் கடையைத் திறந்தோம் அல்லவா? அதற்குப் பிறகு நடந்தது இது. “ஆளு வருது, போவுது தம்பி. ஒரு கிலோ நகரலியே” என்றார் மதினி. சர்ச் கன்சோல் என்று கூகுள் இலவசமாகத் தரும் வசதி ஒன்று உண்டு. எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு நம் கடை காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். திறந்து பார்த்தால் ‘சில்லுக்கருப்பட்டி பாடல்’, ‘சில்லுக்கருப்பட்டி முழுப்படம்’ என்றே வரிசை போகிறது. ஹலிதா ஷமீம் இயக்கி 2019 டிசம்பரில் வந்த படத்தைத் தேடியவர்கள், சுக்கும் மிளகும் போட்ட மதினியின் சில்லுக்கருப்பட்டி மேல் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். விழுந்த வேகத்தில் எழுந்தும் போய்விட்டார்கள்.

அந்தச் சொல்லை மதினிக்கு எடுத்துக்கொடுத்தது நான்தான். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் அதற்கு நல்ல எண்ணிக்கை காட்டியது, மயங்கிவிட்டேன். விளம்பரத்துக்குப் பணம் கட்டாதவர்களுக்கு அந்தக் கருவி ‘நூறிலிருந்து ஆயிரம்’ என்கிற மாதிரி குத்துமதிப்புக் கணக்குதான் காட்டும். அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் கையில் பணப்பை இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் காட்டாது.

அடுத்தது எழுத்துத் தொல்லை. ஆங்கில எழுத்தில் கருப்பட்டியை எழுதச் சொன்னால் ஒருவர் ஒரு ‘பி’ போடுவார், இன்னொருவர் இரண்டு. ‘டி’யும் அப்படித்தான். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, தூத்துக்குடிக்கு எத்தனை ‘டி’, எத்தனை ‘எச்’ என்று ஊரே சிரித்து, சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்ற கதை உங்களுக்கு நினைவிருக்கும். நல்லவேளை, கூகுள் எழுத்துப் பிழையைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். பொருள் விற்கும் தளங்களின் தேடல் பெட்டிகளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. அங்கே போடும்போது இரண்டு மூன்று எழுத்துமுறைகளையும் சேர்த்துப் போடுவது நல்லது. ‘பாம் ஜாகரி’ என்று மட்டும் போட்டால் வங்காளத்து ஈச்ச மர வெல்லத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சரி, நம் சொல் எங்கே இருக்கிறது? மதினியின் அடுப்படி அலமாரியில் இருந்தது. நீளவாக்கில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஆன்லைன் கடை திறக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களை, வந்த வாக்கியம் மாறாமல் அதில் எழுதி வைத்திருந்தார். மூலையில் எண்ணெய்க் கறை. ‘சீனி கலக்காத கருப்பட்டி இருக்கா?’ ‘அதிரசத்துக்கு ரெண்டு கிலோ, பாகு பதம் வரணும்.’ ‘பிள்ளைக்குச் சளி, சுக்குக் கருப்பட்டி வேணும்.’ ‘மண்ணு இல்லாம இருக்குமா?’ பக்கத்துக்குப் பக்கம் ‘சீனி கலக்காத’ வந்துகொண்டே இருந்தது. மதினியின் கடைப்பக்கத்தில் அந்தச் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அங்கே இருந்தது ‘பாரம்பரியச் சுவை’. பாரம்பரியச் சுவை என்று யார் தேடுவார்கள்?

நோட்டைப் பார்த்துப் பக்கங்களை மாற்றினோம். ‘சீனி கலக்காத பனங்கருப்பட்டி 1 கிலோ’ என்று ஒன்று, ‘அதிரசத்துக்கு ஏற்ற கருப்பட்டி’ என்று ஒன்று. அதிரசப் பக்கத்தை ஆவணியிலேயே ஏற்றிவிடச் சொன்னேன். புதுப் பக்கத்தைக் கூகுள் கண்டுகொள்ள நாளாகும், தீபாவளி காத்திருக்காது.

இரண்டு சொல்லை வேண்டாம் என்று ஒதுக்கினோம். ஒன்று ‘உடன்குடி’. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது போல உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மதினி வாங்குவது வேம்பார்ச் சரக்கு. வேறு ஊர்ச் சரக்கை உடன்குடி என்று விற்றால் சட்டப்படி குற்றம். இன்னொன்று ‘சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாமா’. தேடுகிறவர்கள் ஏராளம்தான். ஆனால் கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே. “எங்கப்பாவுக்கே நான் அளந்துதான் குடுக்கேன்” என்று மதினியே அதை அடித்துவிட்டார்.

இதற்கிடையில் ‘எஸ்இஓ பண்ணித் தாரேன்’, அதாவது தேடலில் கடையை முன்னுக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வந்து, பக்கத்தின் கண்ணுக்குத் தெரியாத கீவேர்டு பட்டியில் நூறு சொல்லைத் திணித்துவிட்டு நாலாயிரம் ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பட்டியைத் தான் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. மதினியிடம் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது.

கிளம்பும் நேரத்தில் போன் சிணுங்கியது. டொரொண்டோவிலிருந்து ஒரு செய்தி. மதினி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: ‘அக்கா, உங்களிட்டப் பனங்கட்டி இருக்கோ? குட்டானிலை வருமோ?’

“பனங்கட்டின்னா கருப்பட்டியா தம்பி?”

“ஆமா மதினி, யாழ்ப்பாணத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. குட்டான்னா சின்ன ஓலைப்பெட்டி.”

“நம்ம கொட்டானா!” என்றவர், பதில் போடுவதற்கு முன்னால் நோட்டை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் எழுதி, அடியில் கோடு போட்டார்.

(தொடரும்)