கருகல் வாடை சொல்லும் சேதி



தாளிக்க வைத்த எண்ணெயை அடுப்பில் மறந்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும். புகை கிளம்பும். கண் கரிக்கும், தொண்டை கமறும், வீடு முழுவதும் இருமல் கேட்கும். இந்தக் கமறலை உண்டாக்கும் பொருள்களில் முக்கியமானதற்கு வேதியியலில் அக்ரோலின் என்று பெயர். எண்ணெயில் அடங்கியுள்ள கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடேறி, தன்னிலுள்ள நீர்க்கூறுகளை இழக்கும்போது இது பிறக்கிறது.

சித்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அக்ரோலின் இப்போது சமையலறையை விட்டு வெளியேறி, நம் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் புகுந்திருக்கிறது. அதைப் பற்றி நம் சங்க இதழில் எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

என்ன கருவி இது?

மின் சிகரெட் என்றும், பிள்ளைகள் வழக்கில் 'வேப்' என்றும் சொல்லப்படும் கருவியைத்தான் குறிப்பிடுகிறேன். பேனாவைப் போலவும், கணினியில் செருகும் பென் டிரைவைப் போலவும் பல வடிவங்களில் வருகிறது. உள்ளே ஒரு மின்கலம், ஒரு சிறு கம்பிச் சுருள், பஞ்சுத் திரி, கொஞ்சம் திரவம். இவ்வளவுதான். அந்தத் திரவத்தில் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளும் பெரும்பகுதி. அவற்றோடு வாசனைப் பொருள்கள். பெரும்பாலும் நிகோட்டினும் உண்டு. மாம்பழம், புதினா, தர்பூசணி என்று மணங்களுக்குக் குறைவில்லை. யாரைக் கவர்வதற்கு இந்த மணங்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வசிக்கும் என் தங்கை மகள் குடும்பத்தோடு சித்தூர் வந்திருந்தாள். திருமலைக்குப் புறப்படப் பைகளை அடுக்கும்போது அவளுடைய பதினேழு வயது மகனின் பையிலிருந்து இந்தக் கருவி விழுந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பையனோ, "தாத்தா, இது சிகரெட் இல்லை. புகையே கிடையாது, வெறும் நீராவி" என்றான்.

"இட்லிப் பானையில் வருவதுதான் நீராவி. அதில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. உன் கருவியில் ஊற்றுவது தண்ணீரா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு, "திரவம் தீரும் சமயத்தில் இழுத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "கருகின மாதிரி இருக்கும் தாத்தா. தொண்டை எரியும்" என்றான் மெதுவாக.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

திரி வறண்டால் நடப்பது

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடி பிடிப்பதில்லை. தண்ணீர் வற்றியபின் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் பாத்திரம் கருகுகிறது. மின் சிகரெட்டிலும் இதே கதைதான். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. திரி நனைந்திருக்கும் வரை, சுருளின் வெப்பத்தைத் திரவம் ஆவியாகி வாங்கிக்கொள்ளும். திரவம் குறைந்தாலோ, மின்னழுத்தத்தைக் கூட்டி வைத்தாலோ, இடைவிடாமல் நீளமாக இழுத்தாலோ சுருளின் வெப்பம் எங்கோ ஏறிவிடுகிறது. அப்போது திரவம் ஆவியாவதோடு நில்லாமல் சிதையத் தொடங்குகிறது. புட்டியின் மேல் அச்சிட்ட பட்டியலில் இல்லாத புதுப் பொருள்கள் அங்கே உற்பத்தியாகின்றன.

அவற்றில் அக்ரோலினைச் சொல்லிவிட்டேன். அசிட்டால்டிஹைடு இன்னொன்று. மூன்றாவது ஃபார்மால்டிஹைடு. பள்ளி ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் கண்ணாடிச் சாடியில் கெடாமல் வைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்தான். 2018ஆம் ஆண்டு கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது நாமெல்லாம் மீன் வாங்கவே அஞ்சியது நினைவிருக்கும். மீனில் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளைப் பிள்ளைகள் நேராக நுரையீரலுக்குள் இழுக்கலாமா? மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

ஆராய்ச்சியும் அதற்கு வந்த மறுப்பும்

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடை வெளியிடும் பொருள்கள் தென்படவில்லை. 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டன. உடனே மறுப்பும் வந்தது. அந்த அளவு சூட்டில் கருகல் சுவை தாங்காது, எந்த மனிதரும் அப்படி இழுக்கமாட்டார் என்றார்கள் சில அறிஞர்கள்.

மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் கருகல் நாக்குக்குத் தெரியும்வரை எதுவும் உண்டாவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வழக்கமான சூட்டிலும் இப்பொருள்கள் சிறிதளவு உண்டாவதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சூடு ஏற ஏற அளவும் ஏறுகிறது. சாதாரண சிகரெட்டின் புகையில் இவற்றோடு இன்னும் ஏராளமான நச்சுகள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் சிகரெட்டையே தொட்டிராத ஒரு பிள்ளைக்கு, "அதைவிட இது பரவாயில்லை" என்பது ஒரு சமாதானமா? நிகோட்டின் பழகிவிட்டால், வளரும் மூளை அதை லேசில் விடுவதில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேப் பழக்கமுள்ளவர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். 2020 பிப்ரவரிக்குள் இப்படிப் பாதிக்கப்பட்டோர் 2,807 பேர் என்றும், அவர்களில் 68 பேர் இறந்தனர் என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. திருட்டுத்தனமாக விற்கப்பட்ட கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற பொருளோடு இது வலுவாகத் தொடர்புடையது என்று தெரிய வந்தது. கள்ளச் சந்தைச் சரக்கில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதே இதில் நமக்குப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் சித்தூர் மாவட்டம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லை. கர்நாடகம் 2016ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2018ஆம் ஆண்டிலும் மின் சிகரெட்டைத் தடை செய்தன. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டமாக ஆக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சேமித்து வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

ஆகவே வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கும் பொருள் இங்கே வம்பில் மாட்டிவிடும். சிங்கப்பூரிலும் இதற்குத் தடை உண்டு. திருமலையிலோ எவ்வகைப் புகைக்கும் இடமில்லை என்பது நாம் அறிந்ததே. தடை இருந்தும் இங்கே ஒரு பிள்ளையின் கைக்கு இது வருகிறதென்றால் அது கடத்தல் சரக்கு. அதன் திரவத்தையோ மின்கலத்தையோ யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

பிள்ளைகளை அடிப்பதாலும் நாலு பேர் எதிரில் அவமானப்படுத்துவதாலும் பயனில்லை. பழக்கம் மறைவிடத்துக்குப் போகும். பழ வாசனை காரணமில்லாமல் அறையில் வந்தாலோ, வறட்டு இருமல் நீடித்தாலோ, அடையாளம் தெரியாத சிறு கருவி சார்ஜரில் செருகியிருந்தாலோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, உள்ளே நடப்பதை விளக்கிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள். பழக்கத்தை விட முடியாமல் தவிப்போருக்கு 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மத்திய அரசின் ஆலோசனை கிடைக்கிறது. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப் பழக்கம் உண்டு என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் பிள்ளைகளின் நல்வாழ்வுக்காகத்தான். நம் சங்கத்தின் அடுத்த குடும்பக் கூட்டத்தில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு நுரையீரல் மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் மட்டும் வந்தால் போதாது. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கேள்விகளை அவர்களே கேட்கட்டும்.