இயற்கையா, ரசாயனமா? முதலில் மண்ணைக் கேளுங்க!

"இனிமே உரக்கடைப் பக்கமே போக மாட்டேன், முழுக்க இயற்கை விவசாயம்தான்" என்று முடிவு செய்துவிட்டீர்களா? நல்ல முடிவுதான். ஆனால் மொத்த நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றினால் கையைக் கடிக்கும். ஏன்னு பார்க்கலாம் வாங்க.

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம், அதாவது சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மக்கிய தொழு உரத்தில் இருப்பதோ ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடுகட்ட சுமார் 4 டன் தொழு உரம் வேண்டும். உங்க வீட்டுல எத்தனை மாடு இருக்கு? கணக்குப் போட்டுப் பாருங்க.

அப்போ யூரியாவே போதுமா? போதாது. யூரியா பயிருக்குச் சாப்பாடு போடும், மண்ணுக்குப் போடாது. மண்ணில் கரிமச்சத்தைக் கூட்டி, ஈரத்தைப் பிடித்து வைப்பது தொழு உரமும் பசுந்தாள் உரமும்தான். அளவுக்கு மீறி யூரியா போட்டால் நெல் பச்சைப்பசேல் என்று நிற்கும். கூடவே புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். மருந்துச் செலவு தனி.

இலங்கையில் நடந்ததை நினைத்துப் பாருங்க. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. ஈடுகட்டும் அளவுக்கு இயற்கை உரம் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடி வாங்கியது. நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. இயற்கை முறை தோற்கவில்லை, அவசரம்தான் தோற்றது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்:

1. மண் பரிசோதனை: வயலில் 10, 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி மண் எடுங்க. வரப்போரம், எருக்குழி அருகே எடுக்காதீங்க. ஒன்றாகக் கலந்து அரை கிலோ மட்டும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்க.

2. ஒரு பகுதியில் தொடக்கம்: அங்கே தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்க. மீதி வயலுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் யூரியா போடுங்க.

3. அங்ககச் சான்று: ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டு மாற்றுக் காலம். அதுவரை விளைச்சல் குறையலாம், இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் பாதி நிலத்தையாவது கையில் வைத்திருங்க என்கிறோம். சான்று பெற மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். சிறு விவசாயிகள் குறைந்தது 5 பேர் குழுவாகச் சேர்ந்து, பங்கேற்பு உத்தரவாத முறையிலும் பெறலாம்.

காய்கறி வாங்குபவரா நீங்கள்? 'ஆர்கானிக்' என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடாதீங்க. 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் முத்திரை கட்டாயமில்லை; என்ன உரம் போட்டார், எப்படிப் பூச்சியைக் கட்டுப்படுத்தினார் என்று அவரிடமே கேளுங்க.

மானியம், உர இருப்பு, வானிலை, சந்தை விலை எல்லாம் 'உழவன்' செயலியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அடுத்த விதைப்புக்கு முன் மண்ணைக் கொடுத்துடுங்க. மற்றதை அது சொல்லும்.